வாயை மீறி வரும் சொல்: டூரெட் பற்றி வாசகர் கேள்வி – பதில்

டூரெட் சின்ட்ரோம் என்பது அசைவுகளும் ஒலிகளும் தானாக வரும் ஒரு நரம்புக் கோளாறு. அது உள்ளவர்களில் சிலருக்குத் தங்களையும் மீறி வரும் கெட்ட வார்த்தைகள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த முறை பக்கங்களை ஒதுக்கியிருக்கிறோம். எழுதியவர்களில் பெற்றோர், ஆசிரியர், உடன் வேலை செய்பவர், டூரெட்டோடு வாழ்பவர் எல்லோரும் உண்டு. யார் பெயரையும் போடவில்லை. கடிதங்களில் இருந்த வசைச்சொற்களையும் எடுத்துவிட்டோம்.

என் மகனுக்கு 11 வயது. ஆறு வயதில் கண் சிமிட்டலில் தொடங்கியது. பிறகு தோளைக் குலுக்குவது, தொண்டையைச் செருமுவது என்று மாறி மாறி வந்தது. நான்கு மாதமாகக் கெட்ட வார்த்தையைக் கத்திச் சொல்கிறான். எங்கள் வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. சேர்க்கை சரியில்லையா? அடித்தும் பார்த்துவிட்டோம். அழுகிறான்; அழுதுகொண்டே மறுபடியும் சொல்கிறான். – ஒரு தாய்

உங்கள் கேள்விக்கான பதில் கடைசி வரியிலேயே இருக்கிறது. அடிக்குப் பயந்து நிறுத்த முடிகிற ஒன்றாக இருந்தால் எப்போதோ நிறுத்தியிருப்பான். தயவுசெய்து அடிப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

நீங்கள் எழுதியிருக்கும் வரிசை டூரெட்டில் அடிக்கடி பார்க்கிற வரிசை. ஐந்து, ஆறு வயதில் கண், முகம், கழுத்து என்று மேலிருந்து தொடங்கும். செருமல், மூக்குறிஞ்சல் போன்ற ஒலிகள் பின்னால் சேரும். இவை ஒவ்வொன்றும் ஒரு ‘டிக்’. குறைந்தது இரண்டு உடல் டிக்குகளும் ஒரு குரல் டிக்கும் இருந்து, கூடியும் குறைந்தும் ஓராண்டுக்கு மேல் நீடித்து, 18 வயதுக்கு முன் தொடங்கியிருந்து, வேறு நோயோ மருந்தோ காரணமாக இல்லாவிட்டால் மருத்துவர்கள் அதை டூரெட் என்பார்கள். ரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ இது தெரியாது. விவரம் கேட்டும் நேரில் பார்த்தும்தான் முடிவு செய்வார்கள். கெட்ட வார்த்தை வருகிறவர்களுக்கு அது பெரும்பாலும் முதல் டிக் வந்து சில ஆண்டுகள் கழித்தே தலைகாட்டும். இதற்கு மருத்துவப் பெயர் கோப்ரோலேலியா.

சேர்க்கை காரணமில்லை. 11 வயதுப் பிள்ளைக்குக் கெட்ட வார்த்தை தெரிந்திருப்பது இயல்பு. நமக்கும்தான் தெரியும், சொல்லாமல் இருக்கிறோம். அப்படிச் சொல்லாமல் இருப்பது மூளை ஓயாமல் செய்யும் ஒரு வேலை. மூளையின் ஆழத்தில் இருக்கும் பேசல் கேங்லியா என்ற பகுதி, எந்த அசைவை விடுவது, எதைத் தடுப்பது என்று மூளையின் மேற்பகுதியோடு சேர்ந்து தீர்மானித்துக்கொண்டே இருக்கிறது. டூரெட்டில் அந்தத் தடுப்பு இடையிடையே நழுவுகிறது. போதாததற்கு, வசைச்சொல் நாம் யோசித்துக் கோத்துப் பேசும் பேச்சைப் போன்றதும் அல்ல. ஏற்கெனவே முழுதாக உருவாகி, உணர்ச்சியோடு ஒட்டிக் கிடக்கிற துண்டு அது. பக்கவாதத்தில் பேச்சிழந்து, வீட்டார் பெயரைக்கூடச் சொல்ல முடியாத சிலர் கெட்ட வார்த்தையை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுவார்கள். காது கேளாதவர்களுக்கு டூரெட் இருந்தபோது இதே டிக் சைகை மொழியின் கெட்ட சொல்லாகக் கையில் வந்ததும் மருத்துவப் பதிவுகளில் இருக்கிறது.

வீட்டில் செய்ய வேண்டியது இது. சொல் வந்ததும் திரும்பிப் பார்க்காதீர்கள். பெருமூச்சு வேண்டாம், சிரிப்பும் வேண்டாம். பேசிக்கொண்டிருந்ததை அதே குரலில் தொடருங்கள். அமைதியான ஒரு நேரத்தில், ‘அது நீயாகச் சொல்வதில்லை என்று இப்போது எங்களுக்குத் தெரியும். உன்னை அடித்தது எங்கள் தப்பு’ என்று சொல்லுங்கள். இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள்.

குழந்தைகள் நரம்பியல் மருத்துவரையோ குழந்தைகள் மனநல மருத்துவரையோ பாருங்கள். எந்த டிக் எந்த வயதில் வந்தது, எப்போது போனது என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். மகன் சம்மதித்தால் இரண்டு நிமிட வீடியோவும் எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் அறையில் பல பிள்ளைகளுக்கு டிக் அடங்கிவிடும். வீடியோ இல்லையென்றால் மருத்துவர் பார்க்க ஒன்றும் இருக்காது. ஏ.டி.எச்.டி. (கவனம் நிற்காமை, துறுதுறுப்பு), ஓ.சி.டி. (விடாமல் திரும்பும் எண்ணமும் செயலும்), பதற்றம் இவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். இவை டூரெட்டோடு சேர்ந்து வருவது மிகச் சாதாரணம். பல பிள்ளைகளை டிக்கைவிட இவைதான் அதிகம் படுத்துகின்றன.

பொதுவாக டிக் உச்சத்துக்குப் போவது 10 முதல் 12 வயதுக்குள். பதின்பருவம் முடியும்போது பெரும்பாலானவர்களுக்கு நன்றாகக் குறைகிறது.

டூரெட் என்றாலே கெட்ட வார்த்தை பேசும் நோய்தானே?

இல்லை. டூரெட் உள்ள பத்துப் பேரில் ஒருவருக்கோ இருவருக்கோதான் இது வருகிறது. மீதிப் பேர் வாழ்நாளில் ஒரு தடவையும் அப்படிக் கத்தியிருக்க மாட்டார்கள். கத்துபவர்தான் கண்ணில் படுகிறார் என்பதால் இந்த எண்ணம் பரவிவிட்டது. இதனால் உண்மையான கெடுதல் நடக்கிறது: கெட்ட வார்த்தை வராத பிள்ளைகளுக்கு ‘அப்போ டூரெட் இல்லை’ என்று சொல்லி, நோயைக் கண்டுபிடிப்பதே தள்ளிப்போகிறது.

மனம் புண்படுத்தும் டிக் வேறு வடிவங்களிலும் வரும். ஆபாசமான கைச்சைகையாக வரலாம். இது கெட்ட வார்த்தையைவிட அரிது. எதிரே இருப்பவரின் உருவத்தைக் கேலி செய்யும் சொல்லாக வரலாம். சிலருக்கு வெளியே ஒரு சத்தமும் வராது, மண்டைக்குள்ளேயே அந்தச் சொல் திரும்பத் திரும்ப ஓடும். இந்தக் கடைசி வகையினர் வெளியே சொல்லவும் வெட்கப்பட்டு, தனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று பயந்துகொண்டு வருடக்கணக்கில் இருந்துவிடுகிறார்கள்.

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவருக்கு டூரெட் இருக்கிறது. என்னைப் பார்த்தால் என் சமூகத்தைக் குறிக்கும் இழிசொல் ஒன்றைக் கத்துகிறார். மற்றவர்களிடம் வேறு எதையோ சொல்கிறார். உள்ளே அந்த எண்ணம் இல்லாமல், என்னைப் பார்த்ததும் சரியாக அந்தச் சொல் எப்படி வரும்? சின்ன வயதிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தவள் நான். ‘நோய்தானே, பொறுத்துக்கொள்’ என்கிறார்கள்.

முதலில் உங்கள் கேள்விக்கு வருகிறோம். துக்க வீட்டில் எல்லோரும் அமைதியாக இருக்கும்போது ‘இப்போது சிரித்துவிட்டால்?’ என்ற பயம் பலருக்கும் ஒரு கணம் வந்து போகும். உயரமான இடத்தின் விளிம்பில் நிற்கும்போது ‘குதித்துவிட்டால்?’ என்று தோன்றும். அது ஆசை இல்லை. செய்யவே கூடாதது எது என்று மூளை நமக்கு எச்சரிக்கை செய்கிறது. எச்சரிக்கை செய்ய வேண்டுமானால் அந்தக் காரியத்தை ஒரு கணம் நினைத்துத்தானே ஆக வேண்டும்? நமக்கு அந்த நினைப்போடு முடிந்துவிடுகிறது. இந்த வகை டிக் உள்ளவருக்கு அது வாய்வரை வந்துவிடுகிறது.

அதனால்தான் இடத்துக்கும் ஆளுக்கும் தகுந்தாற்போல் சொல் மாறுகிறது. பருமனானவரைக் கண்டால் உடம்பைப் பற்றி, பிரார்த்தனை நடக்கும் இடத்தில் தெய்வத்தைப் பற்றி, விமான நிலையத்தில் வெடிகுண்டு பற்றி. உங்களைப் பார்த்ததும் அந்தச் சொல் வருகிறதென்றால், உங்களிடம் சொல்லவே கூடாத சொல் அதுதான் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது என்றே பொருள்.

இது புதிய விளக்கமும் இல்லை. 1825இல் பிரெஞ்சு மருத்துவர் இட்டார், உயர்குடியில் பிறந்த ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார். பேச்சின் நடுவே மிக மோசமான சொற்கள் அவர் வாயிலிருந்து தெறித்தன. அந்தச் சொற்கள் எவ்வளவு அருவருப்பானவை என்று அஞ்சினாரோ, சொல்லிவிடுவோமோ என்ற அந்த அச்சமே அவற்றை அவருடைய நாக்கு நுனிக்குக் கொண்டுவந்தது என்று இட்டார் குறித்திருக்கிறார். அறுபது ஆண்டு கழித்து, 1885இல் கில் த லா டூரெட் ஒன்பது பேரைப் பற்றி எழுதிய கட்டுரையில் அந்தப் பெண்ணின் கதையும் இருந்தது. அந்தக் கட்டுரையால்தான் நோய்க்கு அவர் பெயர் வந்தது.

டூரெட் உள்ள யாருக்கும் மனதில் வெறுப்பே இருக்காது என்று நாங்கள் சொல்லவில்லை. மற்றவர்களைப் போலத்தான் அவர்களும். ஆனால் டிக்கை வைத்து அதை அறிய முடியாது. அவர் யோசித்துப் பேசும் பேச்சைப் பாருங்கள், வேலையைப் பகிரும்போது எப்படி நடத்துகிறார் என்று பாருங்கள். மனிதர் தெரிவது அங்கேதான்.

இனி உங்கள் வலி. கைதவறி விழுந்த கல்லும் மண்டையை உடைக்கும். அவருக்கு நோக்கம் இல்லை என்பதால் உங்களுக்கு வலிக்கவில்லை என்று ஆகிவிடாது. ‘பொறுத்துக்கொள்’ என்று சொல்லும் உரிமை பக்கத்தில் நிற்பவருக்குக் கிடையாது. அந்தச் சொல் அவரை நோக்கி வரவில்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு வேண்டும். அதைச் செய்ய வேண்டியது மேலாளர்.

அவரோடு ஒரே ஒரு தடவை உட்கார்ந்து பேசுவது, ஒவ்வொரு முறையும் அவர் மன்னிப்புக் கேட்பதைவிட நல்லது. ‘உங்களைப் பார்த்தால் இந்தச் சொல் வருகிறது. அது என் கருத்து இல்லை. அது உங்களுக்கு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும், அதற்காக வருந்துகிறேன்’ என்ற அளவில் அவர் சொல்லலாம். நேரில் கேட்க உங்களுக்கு மனமில்லை என்றால் எழுதித் தரச் சொல்லுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை மன்னிப்புக் கேட்டால் இருவர் கவனமும் அந்தச் சொல்லிலேயே நிற்கும்; டிக் கூடத்தான் செய்யும்.

நேருக்கு நேர் பார்க்காத இருக்கைகள், எழுத்தில் முடிக்கக்கூடியவற்றை எழுத்தில் முடிப்பது, வீடியோ கூட்டத்தில் அவர் பேசாத நேரத்தில் ஒலியை அணைத்து வைப்பது எல்லாம் உதவும். எந்த மாற்றமானாலும் உங்களிடம் கேட்டுச் செய்ய வேண்டும். ‘நீங்கள் வேறு மாடிக்குப் போங்கள்’ என்று உங்களை ஒதுக்குவது தீர்வாகாது. அவரைக் கண்ணாடி அறைக்குள் அடைப்பதும் ஆகாது. மற்றவர்கள் அந்தச் சொல்லை ‘அவர் என்ன சொன்னார் தெரியுமா’ என்று திருப்பிச் சொன்னால், அது டிக் இல்லை. தெரிந்து செய்த குற்றம். மேலாளர் அங்கே கடுமையாக இருக்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் அவர் அருகே உட்கார உங்களால் முடியவில்லை என்றால், அது உங்கள் குறை இல்லை.

தலைமையாசிரியர் முன்னால் பத்து நிமிடம் சத்தமே இல்லாமல் நிற்கிறான் என் மாணவன். வகுப்புக்கு வந்ததும் தொடங்கிவிடுகிறான். அப்படியானால் அடக்க முடியும் என்றுதானே அர்த்தம்? – ஓர் ஆசிரியர்

இந்தப் பதிலைப் படித்து முடிக்கும்வரை கண்ணை இமைக்காமல் இருந்து பாருங்கள். சிறிது நேரம் முடியும். பிறகு எரியும், இமைப்பதைத் தவிர வேறு எதுவும் மனதில் நிற்காது. டிக்குக்கு முன்னால் பலருக்கும் இப்படி ஓர் உந்தல் வருகிறது: தொண்டையில் அரிப்பு, நெஞ்சில் அழுத்தம், ஏதோ ஒன்று முடியாமல் நிற்பது போன்ற தவிப்பு. டிக் வந்ததும் அது ஒரு கணம் தணியும். பத்து வயதுக்குக் கீழே பல பிள்ளைகளுக்கு இந்த உந்தலை அடையாளம் காணவே தெரியாது. அவர்களிடம் ‘வருவதற்கு முன் சொல்’ என்று கேட்டுப் பயனில்லை.

உங்கள் மாணவனால் கொஞ்ச நேரம் அடக்க முடிகிறது. அதற்கு என்ன விலை கொடுக்கிறான் என்பதைப் பாருங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் தலைமையாசிரியர் சொன்ன எதுவும் அவன் காதில் ஏறியிருக்காது. அடக்கினால் பிறகு இரட்டிப்பாக வெடிக்கும் என்று பலர் நம்புகிறார்கள். ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. ஆனால் அடக்குவதற்குக் கவனம் செலவாகிறது. கணக்கு வகுப்பில் அடக்கச் சொன்னால் கணக்கு போய்விடும்.

வகுப்பில் அவனை ஓரமாக, கதவுப் பக்கம் உட்காரவையுங்கள். முதல் வரிசையில் இருந்தால் எல்லோர் கண்ணும் அவன் முதுகில் இருக்கும். கேட்காமலே எழுந்து ஐந்து நிமிடம் வெளியே போய்வர ஓர் அட்டை கொடுங்கள். அது தண்டனையாக மாறிவிடக் கூடாது: ‘போ வெளியே’ என்று நீங்கள் சொல்லத் தொடங்கிய நாளில் அந்த அட்டை செத்துவிடும். தேர்வுக்குத் தனி அறையும் கூடுதல் நேரமும் வாங்கிக் கொடுங்கள். தனி அறை என்றால் அடக்கும் வேலை மிச்சம். அது விடைத்தாளில் தெரியும். உங்களுக்குப் பதிலாக வேறு ஆசிரியர் வரும் நாளுக்கென்று மூன்று வரிக் குறிப்பு ஒன்றை வருகைப் பதிவேட்டில் செருகி வையுங்கள். பெரும்பாலான அவமானங்கள் அந்த நாளில்தான் நடக்கின்றன.

வகுப்புக்கு விளக்கலாமா என்பதை அவனும் பெற்றோரும் முடிவு செய்யட்டும். அவன் அறையில் இருப்பதா வேண்டாமா என்பதையும் அவனே சொல்லட்டும். சரி என்றால் பத்து நிமிடம் போதும். டிக் ஒவ்வொன்றையும் நடித்துக் காட்டாதீர்கள்; டிக்கைப் பற்றிப் பேசினாலே டிக் வரும். கேலியாக அவனைப் போலச் செய்யும் பிள்ளையை மட்டும் விடாதீர்கள்.

என் மகனுக்கு 14 வயது. எது டிக், எது திமிர் என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. போனைப் பிடுங்கினால் திட்டுகிறான், கேட்டால் ‘டிக்’ என்கிறான். – ஒரு தந்தை

டிக் பெரும்பாலும் குட்டையாக இருக்கும், திடீரென்று வரும், அதே சொல் அதே தொனியில் திரும்பும். முன்னால் பேசிய பேச்சோடு ஒட்டாது. தனியாக இருக்கும்போதும் வரும். கோபத்தில் திட்டுவது வாக்கியமாக நீளும், உங்களுக்குப் பதில் சொல்லும், போனைத் திருப்பிக் கொடுத்ததும் அடங்கும். அதே நேரம், கோபம் டிக்கையும் கூட்டும் என்பதால் இரண்டும் ஒன்றாகக் கலந்து வரும் நேரங்களும் உண்டு.

அந்த நேரத்தில் விசாரணை நடத்தாதீர்கள். சந்தேகம் வந்தால் டிக் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தவறாக ஒருமுறை விட்டுக்கொடுத்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. தன்னால் முடியாததற்குத் தண்டனை வாங்கிய பிள்ளை உங்களிடம் பேசுவதை நிறுத்திவிடுவான். சொல்லை விட்டுவிட்டுச் செயலைப் பிடியுங்கள்: போன் நேரம் முடிந்தது, அவ்வளவுதான். திட்டியதற்காக நேரத்தைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். இரவில் இருவரும் தணிந்த பிறகு ‘இன்றைக்கு வந்ததில் எது நீ சொன்னது?’ என்று கேளுங்கள். உண்மையைச் சொன்னால் தண்டனை கிடையாது என்று தெரிந்தால் பிள்ளைகள் நாணயமாகவே பதில் சொல்கிறார்கள்.

மருந்தில்லாமல் பயிற்சியால் குறைக்கலாம் என்று படித்தேன். கெட்ட வார்த்தை டிக்குக்கு அதை எப்படிச் செய்வது? எனக்கு 19 வயது.

நீங்கள் படித்தது சி.பி.ஐ.டி. என்ற நடத்தைப் பயிற்சியாக இருக்கும். டிக்குக்கான நடத்தைச் சிகிச்சைகளில் மிக நன்றாகச் சோதிக்கப்பட்டவற்றில் ஒன்று. வழக்கமான அமைப்பு, பத்து வாரத்தில் எட்டு அமர்வுகள். தெரிந்த பயிற்சியாளரிடம் கற்பது நல்லது. முறை இதுதான்.

இருக்கும் டிக் எல்லாவற்றையும் எழுதி, எது எவ்வளவு தொல்லை என்று 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுங்கள். அதிகம் தொல்லை தருவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றுதான். பிறகு அந்த டிக்கை அங்குலம் அங்குலமாகக் கவனிக்க வேண்டும்: உந்தல் உடம்பில் எங்கே தொடங்குகிறது, அடுத்து எது இறுகுகிறது, மூச்சு எப்போது உள்ளே போகிறது. கத்துவதற்கு முன் ஒரு சின்ன மூச்சிழுப்பு இருக்கும். பிடிக்க வேண்டிய இடம் பெரும்பாலும் அதுதான்.

உந்தல் வந்ததும், அல்லது சொல் பாதியில் வந்துவிட்டாலும், அந்த டிக்கோடு சேர்ந்து செய்ய முடியாத வேறொன்றைச் செய்ய வேண்டும். குரல் டிக்குக்கு அது மூச்சு. உதடுகளை இறுக்காமல் மூடி, மூக்கு வழியே வயிறு எழும்படி மெல்ல இழுத்து, மூக்கு வழியே அதைவிட மெல்ல விடுங்கள். ஒரு நிமிடம், அல்லது உந்தல் தணியும்வரை, எது அதிகமோ அதுவரை. பேசிக்கொண்டிருக்கும்போது வந்தால் வாக்கியத்தை அங்கேயே நிறுத்தி, ஒரு மூச்சை முழுதாக வெளியே விட்டு, மெதுவாகத் தொடருங்கள்.

இன்னொரு பாதியும் உண்டு, அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எந்த இடம், எந்த ஆள், எந்த நேரம் டிக்கைக் கூட்டுகிறது, வந்த பிறகு என்ன நடக்கிறது என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். சொல் வந்ததும் எல்லோரும் சிரிக்கிறார்கள், அல்லது உங்களை வேலையிலிருந்து விடுவிக்கிறார்கள் என்றால் அதுவும் டிக்குக்குத் தீனி. அதை மாற்ற வேண்டும்.

கெடுவது எங்கே? முதல் இரண்டு வாரம் எரிச்சலாக இருக்கும், அங்கேயே பலர் விட்டுவிடுகிறார்கள். வீட்டில் ஒருவர் ‘மூச்சு விடு, மூச்சு விடு’ என்று விரட்டினால் பயிற்சியே தண்டனையாகிவிடும். நினைவூட்டும் ஆள் ஒருவர் போதும், அவர் பயிற்சி செய்ததைப் பாராட்டினால் போதும், தவறியதைச் சொல்ல வேண்டாம்.

சொல்லின் முதல் எழுத்தை மட்டும் விட்டு அதை வேறொரு சொல்லாக முடிப்பது, கைக்குட்டைக்குள் முணுமுணுப்பது போன்ற தந்திரங்களைப் பலர் தாங்களாகவே கண்டுபிடித்திருக்கிறார்கள். வெளியிடத்தில் கைகொடுக்கும். சிலருக்கோ சொல் ‘சரியாக’ வெளிவந்த உணர்வு கிடைக்கும்வரை மறுபடி மறுபடி வரும். அவர்களுக்கு இது உதவாது.

மருந்து எதுவும் இதை நிறுத்துமா?

முற்றிலும் நிறுத்துவது அரிது, குறைக்கும். குளோனிடின், குவான்ஃபசின் மென்மையானவை. தூக்கமும் ரத்த அழுத்தம் இறங்குவதும் பார்க்க வேண்டியவை. குளோனிடினைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, ரத்த அழுத்தம் எகிறும். அரிப்பிப்ரசோல், ரிஸ்பெரிடோன், ஹாலோபெரிடால் வகை வலுவானவை. உடல் எடை கூடும், மந்தம் அல்லது உட்கார முடியாத தவிப்பு வரலாம். வேறெதற்கும் அடங்காத உரத்த குரல் டிக்குக்குக் குரல்வளையில், தசையைத் தளர்த்தும் பொட்டுலினம் ஊசி போடுவதும் உண்டு. சத்தம் குறையும், சொந்தக் குரலும் சில வாரங்கள் கம்மும். டிக் தானாகவே ஏறி இறங்குகிற ஒன்று என்பதால், உச்சத்தில் இருக்கும் வாரத்தில் தொடங்கிய எந்த மருந்தும் அற்புதம் செய்ததுபோலத் தெரியும். மூன்று மாதக் கணக்கைப் பார்த்துச் சொல்லுங்கள்.

என் மகளுக்கு 16 வயது. முன்பு ஒரு டிக்கும் இருந்ததில்லை. போன மாதம் இரண்டே நாளில் கையை வீசுகிறாள், நெஞ்சில் அடித்துக்கொள்கிறாள், நாளுக்கு நூறு தடவை விதவிதமான வசைகளைச் சொல்கிறாள். இதுவும் டூரெட்டா?

பெரும்பாலும் இல்லை. டூரெட் சின்ன வயதில், சின்ன டிக்கில், மெதுவாகத் தொடங்கும். பதின்பருவத்தில் ஒரே வாரத்தில், நீளமான அசைவுகளும் நீளமான சொற்களுமாக முழு வேகத்தில் வருவதைச் செயல்பாட்டு டிக் போன்ற நிலை என்கிறார்கள். 2020, 2021 ஆண்டுகளில் பல நாடுகளில் இது பதின்வயதுப் பெண்களிடம் ஒரேயடியாகக் கூடியது. பின்னணியில் பதற்றமோ மனச்சோர்வோ அடிக்கடி இருக்கும்.

இது நடிப்பு இல்லை. இதுவும் அவளை மீறித்தான் வருகிறது. பெயரைப் பிரிப்பது சிகிச்சைக்காக: மேலே சொன்ன வலுவான டிக் மருந்துகள் இதற்குப் பொதுவாக உதவுவதில்லை. நோயை விளக்கிச் சொல்வது, பதற்றத்துக்கான பேச்சுச் சிகிச்சை, டிக் வரும்போது சுற்றியிருப்பவர்கள் கவனத்தைக் குவிக்காமல் இருப்பது, டிக் வீடியோக்களைக் கொஞ்ச நாள் பார்க்காமல் இருப்பது, பள்ளியை நிறுத்தாமல் தொடர்வது ஆகியவை உதவுகின்றன. திடீரென வந்தது என்பதால் நரம்பியல் மருத்துவர் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். காய்ச்சல், குழப்பம், நினைவு தப்புவது கூட இருந்தால் காத்திருக்காமல் உடனே.

பேருந்து, ரயில் என்றாலே பயமாக இருக்கிறது. போன வாரம் ஒருவர் அடிக்கக் கை ஓங்கினார். அந்நியர்களிடம் என்ன சொல்வது? எனக்கு 23 வயது.

சுருக்கமாகச் சொல்லுங்கள், முதலிலேயே சொல்லுங்கள். உட்கார்ந்ததும் பக்கத்தில் இருப்பவரிடம், ‘எனக்கு நரம்புக் கோளாறு இருக்கிறது, சில நேரம் கெட்ட வார்த்தை தானாக வரும், உங்களைச் சொல்வதில்லை’ என்றால் போதும். ‘டூரெட்’ என்ற பெயரைவிட ‘நரம்புக் கோளாறு’ வேகமாகப் புரிகிறது. அதையே அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, மருத்துவர் கையெழுத்தோடு கைக்கெட்டும் இடத்தில் வைத்திருங்கள். பைக்குள் கை விட்டுத் தேடுவதைப் பார்த்துப் பயந்துவிடுபவர்கள் உண்டு.

கை ஓங்குபவரிடம் விளக்கம் வேண்டாம். பின்வாங்குங்கள், வாயைத் துணியால் மூடிக்கொண்டு நடத்துநர், காவலர் அல்லது கும்பலில் ஒரு மூத்தவர் பக்கம் நகருங்கள். கோபத்தில் இருப்பவருக்கு மருத்துவம் புரியாது, தூரம் புரியும். குழந்தையைப் பார்த்தோ குறிப்பிட்ட சமூகத்தவரைப் பார்த்தோ சொல் வந்துவிட்டால், ‘மன்னிக்கணும், இது என் நோய்’ என்று ஒரு தடவை சொல்லிவிட்டு வேறு இருக்கைக்குப் போங்கள். சொல்ல வேண்டியது கடமை என்பதால் மட்டும் இல்லை. கேட்டவர் அதை வீட்டுக்குச் சுமந்துகொண்டு போகாமல் இருக்க அந்த ஒரு வாக்கியம் உதவும்.

நாங்கள் நடத்தும் விழாவில் டூரெட் உள்ள ஒருவர் விருந்தினர். நேரலை உண்டு. என்ன ஏற்பாடு வேண்டும்?

அவரை அழைத்தது சரி. அழைத்துவிட்டு மேடைக்கு நேர் எதிரே, ஒலிவாங்கி பக்கத்தில் உட்காரவைத்துவிடாதீர்கள். எந்த மாதிரிச் சொற்கள் வருகின்றன, எது கூட்டுகிறது, எங்கே உட்கார விரும்புகிறார் என்று அவரிடமே முன்கூட்டிக் கேளுங்கள். வாசல் பக்க இருக்கையும் இடையில் போய் இளைப்பாற ஓர் அறையும் கொடுங்கள். ஒலிபரப்பைச் சில நொடி தாமதமாக விடுங்கள், அதைக் கவனித்து நிறுத்த ஓர் ஆளையும் போடுங்கள். பதிவைப் பிறகு வெளியிடுவதாக இருந்தால் முழுதாகக் கேட்டு, வந்த சொற்களை நீக்கிய பிறகே வெளியிடுங்கள்.

அரங்கில் இருப்பவர்களுக்கு ஒரு அறிவிப்பு செய்வார்கள், மேடையேறுபவர்களுக்குச் சொல்ல மறந்துவிடுவார்கள். அந்தச் சொல் யார்மீது விழக்கூடுமோ அவர்களுக்குத் தனியாக, முன்கூட்டியே தெரிய வேண்டும். அப்படி ஒன்று நடந்துவிட்டால், அன்றே இருவரையும் தனித்தனியாகப் போய்ப் பாருங்கள், முதலில் காயப்பட்டவரை. ‘யாராவது புண்பட்டிருந்தால்’ என்று இழுக்காமல், நடந்தது இது, ஏற்பாட்டில் எங்கள் தவறு இது என்று சொல்லுங்கள். நோயாளியை முன்னால் நிறுத்தி மன்னிப்புக் கேட்கவைக்காதீர்கள்.

அண்ணனின் சொல்லை என் ஐந்து வயது மகளும் பிடித்துக்கொண்டாள். அவளைக் கண்டித்தால் ‘அண்ணனை மட்டும் ஏன் விடுறீங்க’ என்கிறாள்.

நியாயமான கேள்வி. ‘அண்ணனுக்கு அது தும்மல் மாதிரி, தானா வருது. உனக்குத் தானா வரலை, நீ சொல்றே. அதனால நீ சொல்லக் கூடாது’ என்று அவளுக்குப் புரியும் அளவில் சொல்லுங்கள். ஐந்து வயதுக்கு இது புரியும். அவள் சொல்லும்போது பெரிதாக எடுத்துக்கொள்ளாமல், ஒரே வரியில் திருத்திவிட்டு விடுங்கள். வீட்டில் முழுக் கவனமும் அண்ணன்மீதே இருந்தால் தங்கைக்கு அந்தச் சொல்தான் உங்களைக் கூப்பிடும் மணி. ஆகவே நாளுக்குக் கால் மணி நேரமாவது அவளோடு மட்டும் இருங்கள். அவளுக்கும் கண் சிமிட்டலோ செருமலோ தொடங்குகிறதா என்று சத்தமில்லாமல் கவனித்து வாருங்கள். டூரெட் குடும்பவழியில் வரக்கூடியது. தொடங்கினாலும் உடனே சிகிச்சைக்கு ஓட வேண்டியதில்லை, தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு அண்ணனின் அடுத்த சந்திப்பில் மருத்துவரிடம் சொன்னால் போதும்.